ஸ்வெட்டர் மலையேறுகிறது, பிள்ளைகள் மலையிறங்குகிறார்கள்

கொடைக்கானல் ஏரிச்சாலையிலும் ஏழுரோட்டைச் சுற்றியும் சீசனில் குவித்துப் போட்டு விற்கும் ஸ்வெட்டர்களுக்கும் இந்த மலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலானவை லூதியானாவிலிருந்து வருகின்றன. நூல் அக்ரிலிக், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக் இழை. பக்கத்தில் தொங்கும் டி-ஷர்ட், ட்ராக் பேண்ட், குழந்தைகள் பனியன் எல்லாம் திருப்பூர் சரக்கு. இத்தனைக்கும் ஏரியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மன்னவனூர் இருக்கிறது. மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கே இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகள் புல்வெளியில் மேய்கின்றன. அந்த ஆட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் "ப்யூர் ஊல் சார்" என்று சொல்லி விற்கும் அக்ரிலிக்கை வாங்கிக்கொண்டு இறங்குவதுதான் நம்மூர்ச் சுற்றுலா.

இந்தப் பதிவு இரண்டு தரப்புக்கு. மேலே வந்து துணி வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், கே.சி.பட்டி பக்கமிருந்து பிள்ளைகளைக் கீழே மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் அனுப்புகிறவர்களுக்கு நிறைய.

முதலில் ஸ்வெட்டர். கம்பளியா, அக்ரிலிக்கா என்று தெரிய உள்பக்கத் தையலோரத்திலிருந்து இரண்டு அங்குல நூலை உருவிக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, நூலை இடுக்கியில் பிடித்து, அடுப்புத் தீக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சும் கரி விரலில் நசுங்கிப் பொடியாகும். பருத்தி காகிதம் எரிகிற மாதிரி எரிந்து சாம்பலாகப் பறக்கும். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் சுருங்கி, உருகி, ஆறியபின் உடைக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். உருகிச் சொட்டுவது தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், ஆகையால் தண்ணீர்த் தட்டு கட்டாயம். கலப்பு நூலில் இரண்டு குணமும் சேர்ந்து தெரியும். அதில் எது எத்தனை சதவீதம் என்று தீயை வைத்துச் சொல்ல முடியாது.

அக்ரிலிக் வாங்குவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆடி மாதத்தில் துவைத்த துணி மூன்று நாள் காயாமல் தொங்கும் ஊரில், சீக்கிரம் காய்கிற துணிக்கு மதிப்பு உண்டு. அதன் குறை வேறு. உரசுகிற இடத்தில் சீக்கிரம் உருண்டை கட்டும். ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழைத்துகள்களை உதிர்க்கும். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு துவைக்கும் முறையைப் பாருங்கள். நான்கைந்து தடவை போட்டபின் ஒரு முறை, பச்சைத்தண்ணீரில், உள்பக்கத்தை வெளியே புரட்டிப் போட்டு, மெஷின் என்றால் முழு லோடாக. காலி இடம் அதிகமிருந்தால் துணி அதிகம் உரசும், இழையும் அதிகம் உதிரும். நல்ல கம்பளிக்கு எதிரி அந்துப்பூச்சியின் புழு. நீலகிரித் தைலத்தைத் தெளித்து வைத்தால் வாசனை வரும், முட்டை சாகாது. பாலித்தீனில் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்து எடுத்தால் சாகும்.

அடுத்து "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" டி-ஷர்ட். கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டி விற்பார்கள். இது கம்பெனிக்குப் பல வழிகளில் மிஞ்சுகிற சரக்கு. ஆர்டருக்கு மேல் சில சதவீதம் கூடுதலாக வெட்டுவது வழக்கம், பழுது போனால் ஈடுகட்ட. ஷேடு மாறினாலும், ஊசி உடைந்து துணி நீளத்துக்குக் கோடு விழுந்தாலும், எண்ணெய்க்கறை பட்டாலும், அளவு தவறினாலும் செக்கிங்கில் ஒதுக்குவார்கள். சில நேரம் வெளிநாட்டு வியாபாரி ஆர்டரையே ரத்து செய்துவிடுவார். அது மொத்தமாக ஸ்டாக் லாட் ஆகிவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வெளிச்சத்தில் பிடித்து ஊசிக்கோடு, கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா, தோளில் உள்பக்கம் டேப் வைத்துத் தைத்திருக்கிறதா, ஒரு அங்குலத்துக்குப் பத்துக்குக் குறையாமல் தையல் விழுந்திருக்கிறதா. பக்கத் தையல் முன்பக்கமாகத் திருகி வருகிற சட்டையை வைத்துவிடுங்கள். ஒற்றை நூலில் முறுக்கு அதிகம் இருந்து, பின்னிய துணியைச் சரியாகத் தளரவிட்டுக் காம்பாக்டிங் (அழுத்திச் சுருக்கி நிலைப்படுத்துவது) செய்யாமல் வெட்டினால் அப்படித் திருகும். துவைக்கத் துவைக்க இன்னும் திருகும்.

அந்தச் சட்டையில் தைத்தவருக்கு எவ்வளவு போகிறது? கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண வட்டக்கழுத்து டி-ஷர்ட்டுக்குத் தையல் நேரம் எட்டு நிமிடம் என்று வைப்போம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், 26 நாளால் வகுத்து, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 58 ரூபாய். எட்டு நிமிடத்துக்கு 7 ரூபாய் 70 பைசா. எந்த லைனும் நூறு சதவீத வேகத்தில் ஓடாது. பாதியை ஒட்டிய வேகம் என்றால் 14, 15 ரூபாய். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் தனி. தையல் கூலியை இரட்டிப்பாக்கினாலும் ஒரு சட்டைக்குக் கூடுவது பதினைந்து ரூபாய். பெருநகர மாலில் 999 ரூபாய்க்குத் தொங்கும் சட்டையில் இந்தப் பதினைந்து ரூபாய்க்கு இடமில்லை என்று யாராவது சொன்னால், கூலியைப் பற்றிப் பேசவில்லை, லாபத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நெருக்கடி எங்கே பிறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்டர் போட்டு இரண்டு மூன்று மாதத்தில் கப்பலேற வேண்டும். வியாபாரி மாதிரிச் சட்டைக்கு ஒப்புதல் தர இரண்டு வாரம் தாமதித்தாலும் கப்பல் தேதி மாறாது. தேதி தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு கம்பெனி தலையில். ஆகவே கடைசி மூன்று வாரம் ஒன்றரை ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை வேலை, "இன்னிக்கு முடிச்சிட்டுத்தான் போகணும்" என்ற சூப்பர்வைசர் சத்தம். சூப்பர்வைசரை மட்டும் திட்டிப் பயனில்லை.

சாயத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில் நம் மலைத்தண்ணீர் கலந்திருக்கிறது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், பிறகு சோடா உப்பு, 60 டிகிரிச் சூடு. அடர் கறுப்பு, நேவி ப்ளூ போன்ற நிறங்களுக்கு ஒரு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு. வெளிர் நிறங்களுக்கு 20, 30 கிராம் போதும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், அடர் நிறத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ, சில நேரம் அதற்கு மேலும் உப்பு. 200 கிராம் எடையுள்ள கறுப்புச் சட்டை ஒன்றுக்கு 100 கிராமை ஒட்டியோ அதைத் தாண்டியோ வருகிறது. சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஒட்டிவிடும். உப்பு ஒரு கிராம்கூட ஒட்டாது, முழுக்கக் கழிவுநீரில்தான் இருக்கும். திருப்பூரில் நொய்யலைக் கெடுத்ததில் நிறத்தைவிட இந்த உப்புக்குத்தான் பங்கு அதிகம். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. விவசாயிகள் வழக்குப் போட்டு, சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற உத்தரவு வந்து, அதுவும் நடக்காமல், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

இப்போது எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது, உப்பு மறைந்துபோவதில்லை. மறுபடி சாயத்துக்குப் பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேர்கிறது. இதற்கெல்லாம் மின்சாரமும் விறகும் செலவு. செலவைத் தவிர்க்க இரவில் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. பழனி மலையின் வடக்குச் சரிவில் விழும் மழை குதிரையாறு, பாலாறு, பொருந்தலாறு என்று இறங்கி, சண்முகநதி வழியாகவும் தனியாகவும் அமராவதியில் சேர்ந்து கரூருக்குப் போகிறது. கரூர் வீட்டு உபயோகத் துணிகளுக்குச் சாயம் போடும் ஊர். நாம் மேலே குடிக்கிற தண்ணீரின் மிச்சம்தான் அங்கே உப்பை வாங்கிக்கொள்கிறது. ஒரே மாதிரிச் சட்டையில் இரண்டு நிறம் இருந்தால் வெளிர் நிறத்தை எடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி உப்பு மூன்றில் ஒரு பங்காகும்.

(ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்ற எண் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது பருத்தி விளைய ஆகும் தண்ணீரையும் சேர்த்த உலகச் சராசரி. மானாவாரிப் பருத்திக்கும் கிணற்றுப் பாசனப் பருத்திக்கும் ஒரே எண்ணைப் பொருத்துவது தப்பு.)

லேபிள் பற்றிச் சுருக்கமாக. "ஆர்கானிக் காட்டன்" என்று அட்டையில் அச்சடித்திருப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று) முத்திரை என்றால் சான்றளித்த அமைப்பின் பெயரும் உரிம எண்ணும் கூடவே இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்கள் இணையப் பட்டியலில் போட்டுப் பார்க்கலாம். 95 சதவீதம் இயற்கை வேளாண் இழை இருந்தால் ஒரு தரம், 70 இருந்தால் "ஆர்கானிக் கொண்டு தயாரித்தது" என்ற இன்னொரு தரம். 2020-ல் இந்தியாவில் போலிச் சான்றிதழ் காட்டி 20,000 டன் பருத்தியை ஆர்கானிக் என்று கணக்குக் காட்டியதை அதே அமைப்புதான் வெளியிட்டது, ஆகவே முத்திரையை நம்புவதிலும் அளவு வேண்டும். கைத்தறி வேண்டுமென்றால் மலையடிவாரத்திலேயே சின்னாளபட்டி இருக்கிறது. கைத்தறி முத்திரை உள்ள சேலையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கலாம். கடைகளில் சுங்குடி என்று தொங்குவதில் பாதி அச்சடித்த பூ. சேலையைத் திருப்பிப் பாருங்கள், முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒழுங்கற்றே இருக்கும்.

இனி மில்.

வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் சாலைகளில் நூற்பாலைகள் வரிசையாக இருக்கின்றன. காப்பிக்கும் மிளகுக்கும் விலை படுத்த வருஷத்தில் மலைக்கிராமங்களுக்குப் புரோக்கர் வருகிறார். "பாப்பாவ அனுப்புங்கண்ணே, சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் உண்டு, மூணு வருஷத்துல மொத்தமா ஒரு தொகை, நகை போட்டுக் கட்டிக்குடுத்துரலாம்." இதற்குத்தான் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று வருட முடிவில் 30,000 முதல் 60,000 வரை என்று பேசுவார்கள். பேர் கெட்டுப்போனதால் இப்போது அந்தப் பெயரைச் சொல்வதில்லை. திருமண உதவி, பயிற்சித் திட்டம், கேம்ப் கூலி என்று வேறு வேறு பெயரில் வருகிறது. சூட்சுமம் எளிது. மாதாமாதம் தர வேண்டிய சட்டப்படியான கூலியைக் குறைத்துப் பிடித்து வைத்து, அதையே கடைசியில் பரிசு மாதிரித் தருவது. முப்பத்தைந்தாவது மாதத்தில் உடம்பு முடியாமல் ஊருக்கு வந்தால் தொகை கிடையாது. மாதக் கூலியில் ஒரு பகுதியைக் கடைசியில் தருகிறேன் என்று யார் சொன்னாலும், எந்தப் பெயரில் சொன்னாலும், அங்கேயே மறுத்துவிடலாம்.

மில்லுக்குள் வேலை எப்படி என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சு பேலைப் பிரித்து அடிக்கும் ப்ளோரூம், சீவும் கார்டிங், பிறகு டிராயிங், சிம்ப்ளக்ஸ், அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் ஓடும் ஸ்பின்னிங் ஃப்ரேம், கடைசியில் கோன் வைண்டிங். புதிதாக வரும் பெண்களை அதிகமும் ஸ்பின்னிங்கில் சைடராகவோ கோனிங்கிலோ போடுவார்கள். சைடரின் வேலை ஃப்ரேம்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டுவது. ஷிப்ட் முழுக்க நடை. நூல் காய்ந்தால் அறுந்துபோகும் என்பதால் அங்கே ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் வைத்திருப்பார்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல். பதினைந்து இருபது டிகிரியில் வளர்ந்த மலைப்பிள்ளைக்கு முதல் மாதம் தலைசுற்றலும் தலைவலியும் வருவது இதனால்தான். தண்ணீர் குடிக்க, கழிப்பறை போக நேரம் தருகிறார்களா என்பது அங்கே சின்ன கேள்வி இல்லை. கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்ச்சுருக்கு, சிறுநீரகக் கல் என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பஞ்சுத்தூசி இன்னும் மோசமானது. ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் தூசி அதிகம். நெஞ்சு இறுக்கமும் இருமலும் வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளில் வந்து, அடுத்த நாள் குறைந்தால், அது சளி இல்லை. பிஸ்ஸினோசிஸ் என்ற பஞ்சுத்தூசி நோயின் ஆரம்ப அடையாளமே அந்தத் திங்கட்கிழமை இறுக்கம்தான். போகப்போக வாரம் முழுக்க நீடிக்கும், பிறகு வேலையை விட்டாலும் போகாது. டாக்டரிடம் "இருமுது" என்று மட்டும் சொல்லாமல், மில்லில் எந்தப் பிரிவு, எத்தனை மாதம், வாரத்தில் எந்த நாள் அதிகம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் காச நோய்க்குச் சோதித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இது தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மூக்கைச் சுற்றித் துப்பட்டா கட்டுவதால் நுண்தூசி நிற்காது. என்-95 வகை முகக்கவசம் வேண்டும், அதைக் கம்பெனிதான் தர வேண்டும்.

அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. யாருடைய ஆள் என்ற கேள்வி முதலில்: கம்பெனியின் நேரடிப் பதிவேட்டிலா, காண்ட்ராக்டரிடமா, அப்ரண்டிஸ் என்ற பெயரிலா? எழுத்தில் வேலை நியமனக் கடிதம் கேளுங்கள். ஆதார், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எதையும் அசலாகக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். அசலை வாங்கி வைத்துக்கொள்வது ஆளை வெளியே விடாமல் வைக்கும் பழைய வழி. முன்பணம் வாங்காதீர்கள். ஐந்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் ஒரு பிள்ளையை ஒரு வருடம் கட்டிப்போடும். 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருப்பதே கடனுக்கு ஆளைப் பிடிக்கிற இந்த வழக்கத்துக்காகத்தான். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஏ.டி.எம். கார்டு பிள்ளையின் கையில், ரகசிய எண் பிள்ளையின் தலையில். வார்டன் கையில் மொத்தமாகக் கார்டுகள் இருக்கிற ஹாஸ்டல் என்றால் வேறு எதையும் விசாரிக்கத் தேவையில்லை. பெண்கள் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். மில் ஹாஸ்டலுக்கு அது இருக்கிறதா என்று கேட்கலாம். போன் வைத்துக்கொள்ளலாமா, ஞாயிறு வெளியே போகலாமா என்றும் கேளுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு வயதைக் கூட்டிச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொல்லும் புரோக்கர் நாளை எதையும் செய்வார்.

இப்போது சம்பளச் சீட்டு. தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி 2004-க்குப் பிறகு 2014-ல்தான் திருத்தப்பட்டது. அதையும் முதலாளிகள் தரப்பு நீதிமன்றத்துக்கு இழுத்து, 2016 ஜூலையில்தான் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் முடித்துவைத்தது. அடிப்படைக் கூலி அப்படி அபூர்வமாக மாறும். பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி மாறும். ஆகவே மே மாதம் கையில் வாங்கும் ஏப்ரல் சம்பளச் சீட்டை மார்ச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். பஞ்சப்படி கொஞ்சமும் உயரவில்லை என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. பீஸ் ரேட் ஆனாலும் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. பவர் டேபிளில், அதாவது தையலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் இடத்தில், காண்ட்ராக்டர் கையில் ரொக்கமாகக் கூலி வாங்குகிறவர்களுக்குச் சீட்டே கிடையாது, பி.எஃப். இ.எஸ்.ஐ.யும் கிடையாது. வாரம் முழுக்க அதிகமாகக் கையில் வருகிற மாதிரி தெரியும்; ஊசி விரலில் ஏறிய அன்று வித்தியாசம் தெரியும்.

12,000 ரூபாய் உதாரணத்தையே எடுப்போம். தொழிலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதம், 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 90 ரூபாய். மாதாமாதம் சட்டப்படி பிடிப்பதில் முக்கியமானவை இவைதான், தொழில் வரி போன்றவை பிடிக்காத மாதத்தில் கைக்கு 10,470 வர வேண்டும். நிர்வாகம் தன் கையிலிருந்து இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமும் பி.எஃப். கணக்குக்கு 12 சதவீதமும் தனியாகக் கட்ட வேண்டும். அந்தப் பன்னிரண்டில் 8.33 ஓய்வூதியத்துக்குப் போகும். சில இடங்களில் இரண்டு பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள். சீட்டில் பி.எஃப். என்ற வரி இரண்டு தடவை வந்தாலோ, 1,440-க்குப் பதில் 2,880 என்று இருந்தாலோ அதுதான் நடக்கிறது. மெஸ், ஹாஸ்டல், பஸ் என்று பிடிப்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

பிடித்ததைக் கட்டுகிறார்களா என்பது அடுத்தது. பி.எஃப்.க்குப் பன்னிரண்டு இலக்க யூ.ஏ.என். எண் இருக்கும். உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் வரவு பாருங்கள். ஒரு மாதத்துத் தொகை அடுத்த மாதம் பதினைந்துக்குள் கட்டியாக வேண்டும். அடிக்கடி மாட்டிக்கொள்வது பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், கம்பெனிப் பதிவில் முன்னால், பிறந்த தேதியில் வருஷம் மாறி. வேலையில் இருக்கும்போதே திருத்திவிட வேண்டும், ஏனென்றால் அதற்குக் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம். வேலையை விட்டு ஊருக்கு வந்தபின் வேடசந்தூருக்கு அலைய வேண்டியிருக்கும். மில் மாறும்போது பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால் புது எண் போட்டுவிடுவார்கள், பழைய பணம் தனியே தூங்கும். இ.எஸ்.ஐ.யில் பெற்றோரும் சார்ந்திருந்தால் வைத்தியம் பெறலாம் என்பது மலையில் பலருக்குத் தெரியாது. உடம்பு முடியாமல் லீவு போட்டால் கூலியில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும், போதிய நாள் கட்டணம் கட்டியிருந்தால்.

பிறகு ஒன்றரை ஷிப்ட். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்திருக்கும் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். மேலே நான்கு மணி நேரம் அரை ஷிப்ட். அந்த நான்கு மணிக்கு இரட்டைக் கூலி என்றால் அது ஒரு முழு ஷிப்ட் கூலி. ஆக ஒன்றரை ஷிப்ட் உழைத்தவருக்கு இரண்டு ஷிப்ட் கூலி வர வேண்டும். "ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைக் கூலி" என்று ஊர் முழுக்கப் பேசிப் பேசி அதுவே நியாயம் மாதிரி ஆகிவிட்டது. நம் உதாரணத்தில் மாதம் நாற்பது மணி நேரம் கூடுதல் என்றால் 4,615 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 2,308 மட்டும் வருகிறது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அதற்கு எதற்குச் சட்டம், ஏற்கெனவே நடக்கிறதே என்று திருப்பூரில் சிரித்தார்கள்.

எத்தனை மணிக்கு உள்ளே போனோம், எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்று ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். புகார் என்று வந்தால் கம்பெனியின் பதிவேட்டுக்கு எதிரே வைக்க அந்த நோட்டும், சீட்டுகளின் போட்டோவும்தான் இருக்கும். சீட்டையும் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் மாதாமாதம் வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்பி வைப்பது நல்லது. போன் தொலைந்தாலும் வீட்டில் இருக்கும்.

பாலியல் தொல்லை பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். குழு உறுப்பினர்களின் பெயர் சுவரில் ஒட்டியிருக்கும். அதில் இருப்பவர்களை யாரும் பார்த்ததே இல்லை என்பதுதான் பல இடங்களில் நிலை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் இளம் தலித் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம் அதைக் குடும்ப விவகாரம் என்று மூட விடாமல் ஒரு வருடத்துக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் இடையே கையெழுத்தானது திண்டுக்கல் ஒப்பந்தம். எச் அண்ட் எம், பிறகு கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. தைக்கும் லைனிலேயே பெண் தொழிலாளர்களைக் கண்காணிப்பாளர்களாகத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றது ஒப்பந்தம். கம்பெனி மீறினால் பிராண்டு ஆர்டரில் கைவைக்க வேண்டும் என்றது. மற்ற தணிக்கைகளிலிருந்து இது வேறுபட்டது இந்தக் கடைசி விதியிலும், கண்காணிப்பவர் சக தொழிலாளி என்பதிலும்தான். தேதி சொல்லிவிட்டு வரும் ஆடிட்டர், மேனேஜர் பக்கத்தில் நிற்க, "இங்கே எல்லாம் நல்லாயிருக்கா?" என்று கேட்டால் யாரும் நல்லாயில்லை என்று சொல்ல மாட்டார்கள். சக தொழிலாளி லைனில் எட்டு மணி நேரமும் இருப்பவர்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098, பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100. மூன்றையும் பிள்ளையின் போனில் வேறு ஏதாவது சாதாரணப் பெயரில் பதிந்து வைப்பது நல்லது, வார்டன் போனைப் பார்க்கிற ஹாஸ்டலாக இருக்கலாம்.

மறுபடி ஏரிச்சாலைக்கு. மில்லுக்குப் போகாத பிள்ளைகள் இங்கேயே துணிக்கடையில் நிற்கிறார்கள். சீசனில் காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை நின்றபடி, கால் வீங்கி, நரம்பு சுருண்டு. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும். மஃப்ளர் விலை பேசும்போது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், ஸ்டூல் இருக்கிறதா என்று. பல கடைகளில் இருக்கும், மேலே துணிக்கட்டு அடுக்கியிருப்பார்கள்.